முருங்கையில் வைத்த தீ

ஒன்றரை வருடமாக விட்டுப்போயிருந்த பேச்சு, போன ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் வைத்துத்தான் திரும்ப ஒட்டியது. ஜெபகுமாரியின் மகள் ஷீஜாவுக்குப் பூதப்பாண்டியிலிருந்து வரன் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பெமிலாதான் முதலில் வந்து அவள் கையைப் பிடித்தாள். மதில் கட்டியபோது நடந்த சண்டையைப் பெமிலா பேச்சில் எடுக்கவில்லை. ஜெபகுமாரியும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வீடு காண வருகிற அன்றைக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் தன் பொறுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள் பெமிலா.

அந்த நாள் இன்று.

கொட்டாரத்தில் ஜெபகுமாரியின் கணவர் ஆன்ட்ரூஸின் வீடும் அவர் தம்பி ஷாஜனின் வீடும் அடுத்தடுத்து. ஷாஜன் குவைத்தில் இருக்கிறான். இங்கே அவன் மனைவி பெமிலாவும் நாலு வயது மகள் அபிஷாவும்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்த மதில். மதிலை ஒட்டி, ஆன்ட்ரூஸ் வீட்டு வாசலில், ஒரு முருங்கைமரம்.

விடிந்ததிலிருந்து ஜெபகுமாரி அந்த மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்டதும் வந்தவை கம்பளிப்புழுக்கள். முதலில் பட்டையில் கையளவுக்கு ஒட்டியிருந்தன. இப்போது அடிமரம் கவையாகப் பிரிகிற இடத்தில், மெல்லிய நூல் மூடிய கூடாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஈரச் சாக்கைச் சுருட்டிச் செருகி வைத்ததுபோல் இருக்கும். கிட்டே போனால் அந்தச் சாக்கு அசையும். மேலே கிளைகளிலும் அதேபோல இரண்டு கூடுகள் தொங்கின. கார் வந்து நிற்க அந்த மரத்து நிழலை விட்டால் வேறு இடமில்லை.

சோப்புத் தண்ணீர் அடித்து நனைத்து, காற்று அடங்கின நேரத்தில் சுரண்டி வாளியில் எடுத்துக் குழிக்குள் புதைத்துவிடலாம் என்று ஆன்ட்ரூஸ் சொல்லியிருந்தார். நேற்று அந்திக்கே அதைச் செய்வதாக இருந்தவரை, ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிவர நாகர்கோவிலுக்கு விரட்டியது ஜெபகுமாரிதான். அவர் திரும்பி வரும்போது இருட்டிவிட்டது.

இன்று காலை, ஜெபம் பண்ண ஆலயத்துப் போதகரான ஐயரை அழைத்துவர ஸ்கூட்டரை எடுத்தபோது, அவள் பார்வை போன இடத்தை ஆன்ட்ரூஸும் பார்த்தார்.

"நான் வந்து செய்யுகேன். நீ தீ வச்சிராத, கேட்டியா. இந்தக் காத்துல முடியெல்லாம் பறக்கும். அடிக்கது பெமிலா வீட்டுப் பக்கமாக்கும்."

அவள் தலையாட்டினாள்.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பின பிறகும் அவளுக்கு வீட்டுக்குள் கால் போகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா நேசபாய் எதையும் விட்டுவைக்காமல் பார்க்கிறவள் என்று தரகர் சொல்லியிருந்தார். முன்பு பார்த்த ஒரு வீட்டில் கொல்லைப்புறத்துச் சாக்கடையைப் பார்த்துவிட்டு, காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்தாளாம். அப்பேர்ப்பட்டவள் காரைவிட்டு இறங்கியதும் முதலில் காண்பது புழுக்கூடாக இருக்க வேண்டுமா?

இன்னொன்றும் அவள் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று நாள் முன்பு பெமிலா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, புழு தன் பக்கம் இறங்குகிறது, பிள்ளை விளையாடுகிற இடம், அண்ணனிடம் கொஞ்சம் சொல்லுங்கள் அக்கா என்று கேட்டிருந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஜெபகுமாரிக்கு அது மெதுவாகக் கேட்கவில்லை. மரம் உங்களுடையது, மதிலுக்கும் அதனால்தான் கேடு என்று சண்டையில் சொன்ன அதே ஆள்தானே என்று தோன்றியது. சரி சரி என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஷீஜா குளிக்கப் போயிருந்தாள். ஜெபகுமாரி முருங்கைக்காய் பறிக்கிற தோட்டியை எடுத்து, அதன் நுனியில் பழைய துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் முக்கினாள். சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டு ஏறினாள்.

ஸ்டூலில் ஏறியதும் மதிலுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது.

அபிஷா மதிலடியில் குந்தியிருந்தாள். தேங்காய்ச் சிரட்டையில் மண்ணை அள்ளி நிரப்பி, கவிழ்த்து, தட்டி, இட்லி இட்லியாக வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள். தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

பெமிலா, பிள்ளையை உள்ளே கூப்பிடு. இவ்வளவு சொன்னால் போதும். சொல்ல வாயும் வந்தது. ஆனால் சொன்னால் பெமிலா வெளியே வருவாள். தோட்டியைப் பார்ப்பாள். இப்போது வேண்டாம் அக்கா, காற்றைப் பாருங்கள் என்பாள். அவள் சொல்லி நான் கேட்க வேண்டுமா என்ற எண்ணம்தான் முந்திக்கொண்டது. ஒரு நிமிட வேலைதானே.

ஜெபகுமாரி தீக்குச்சியைக் கிழித்தாள்.

கவையிலிருந்த கூடு படபடவென்று பொரிந்தது. புழுக்கள் எரிந்தபடி உதிர்ந்தன. மேல்கிளைக் கூடுகளுக்குத் தோட்டியை உயர்த்தியபோது காற்று ஒரு தள்ளு தள்ளியது. கூடு கிழிந்து, பாதி எரிந்தும் எரியாமலும் சிதறியது. பழுப்பு நிறத்தில், தவிடு தூற்றும்போது எழுகிற தூசிபோல் ஒன்று எழுந்து, வெயிலில் மினுங்கிக்கொண்டு, மதிலைத் தாண்டிப் போனது. அது போவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

அப்புறம்தான் அந்தப் பக்கத்திலிருந்து அழுகை வந்தது.

அவள் ஸ்டூலைவிட்டு இறங்கினாள். தோட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி அணைத்தாள். கருகிக் கிடந்தவற்றைப் பெருக்கித் தள்ளினாள். மணிக்கட்டில் சுருக்கென்று குத்தியது. சேலை நுனியால் துடைத்துக்கொண்டாள். இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது அழுகை நிற்கவேயில்லை. மதில் பக்கம் போய் என்னவென்று கேட்க அவளுக்குக் கால் வரவில்லை.

பெமிலாவே வந்தாள். வாசல் கேட்டைத் திறந்து, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். அபிஷா இரண்டு கையாலும் வலது கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிவப்பாகத் தடித்திருந்தது.

"அக்கா, இப்பம் என்னமும் எரிச்சியளா? மணம் வந்துது. பிள்ள கண்ணத் தொறக்க மாட்டங்கா."

"குப்பையத்தான் கொளுத்தினேன். புகை பட்டிருக்கும். தண்ணி விட்டுக் கழுவு, சரியாவும்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பதில் என்று ஜெபகுமாரிக்கே திகைப்பாக இருந்தது. பெமிலா அதை நம்பினாள். நம்பியதோடு, இத்தனை வேலைக்கு நடுவில் உங்களை வேறு பயமுறுத்திவிட்டேனே என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்துப் பக்கத்து கிளினிக்குக்குப் போனாள்.

ஆன்ட்ரூஸ் ஐயரோடு வந்து சேர்ந்தபோது மரத்தடி ஈரமாகவும் சுத்தமாகவும் இருந்தது. அவர் ஐயரை உள்ளே உட்காரவைத்துவிட்டு வெளியே வந்து, கவையில் கருகியிருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தார். விரலில் கரி ஒட்டியது.

அபிஷா அப்போது உள்ளேதானே இருந்தாள் என்று கேட்டார். ஆமாம் என்றாள் ஜெபகுமாரி. அவள் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குச் சற்று முன்னால் பெமிலா திரும்பி வந்தாள். ஒரு கையில் முந்திரிக்கொத்துப் பாத்திரம். தோளில் அபிஷா, கண்ணில் பஞ்சு ஒட்டி, அழுது களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் ஏதாவது விழுந்ததா என்று டாக்டர் கேட்டாராம். புகை பட்டதுதான், வேறொன்றும் இல்லை என்று பெமிலா சொன்னாளாம். ஊரெல்லாம் செங்கண் பரவுகிறது, அதன் ஆரம்பமாகவும் இருக்கலாம் என்று சொட்டுமருந்து எழுதிக்கொடுத்திருக்கிறார்.

"நான்தான் அடுக்களையில நின்னுட்டேன் அக்கா. பிள்ளைய வெளிய விட்டது என் தப்பாக்கும்," என்றாள் பெமிலா.

ஷீஜா தன் கட்டிலில் புதுவிரிப்பை விரித்து அபிஷாவைப் படுக்க வைத்தாள். பெமிலா சேலையைச் செருகிக்கொண்டு, யாரும் கேட்காமலே அடுக்களைக்குள் போய்த் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். ஜெபகுமாரிக்கு அவள் பக்கத்தில் நிற்க முடியவில்லை. ஏதோ எடுக்கப் போகிறவள்போல ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். மணிக்கட்டு தீயாய் அரித்தது.

கார் வந்தது. முருங்கை நிழலில்தான் நின்றது.

நேசபாய் தரகர் சொன்னதுபோல் கடுகடுப்பானவளாக இல்லை. உயரமாக, நரைத்த தலையை இறுக்கிக் கொண்டை போட்டு, சிரித்தபடி இறங்கினாள். மரத்தை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. மகன் பிரைட்டன் பின்னால் வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தான். ஐயர் ஜெபித்தார். ஷீஜா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பிரைட்டன் அவளிடம் கல்லூரிக்குப் பஸ்ஸில் போகிறாளா வண்டியில் போகிறாளா என்று கேட்க, அவள் பதில் சொல்ல, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்ததில் எல்லோருக்கும் மனம் இளகியது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஜெபகுமாரி முந்திரிக்கொத்துத் தட்டை நேசபாயிடம் நீட்டினாள். சேலை விலகியது. நேசபாய் பலகாரத்தை எடுக்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கம்பளிப்புழு பட்டுதா மைனி?"

காலையில் கொஞ்சம் மரத்தைச் சுத்தம் செய்தேன் என்று ஜெபகுமாரி முனகினாள். தேங்காயெண்ணெய் தடவினால் போதாது என்றாள் நேசபாய். ஒட்டுகிற டேப்பை அழுத்தி எடுத்தால்தான் முடி வரும் என்றாள். பிறகு, பேச்சுக்குப் பேச்சாக, தன் பெரியப்பா மகன் ஒருவரின் கதையைச் சொன்னாள்.

"தோப்புல நின்னப்பம் அந்த முடி கண்ணுல விழுந்திருக்கு. செங்கண்ணுன்னு நெனச்சு மருந்து விட்டுட்டுக் கசக்கிட்டே இருந்தாரு. முடி உள்ள எறங்கிப் போச்சு மைனி. அது வெளிய வராதாம், உள்ளதான் போவுமாம். அன்னைக்கே காட்டியிருந்தா எடுத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அந்தக் கண்ணுல இப்பம் வெளிச்சம் மட்டுந்தான் தெரியும்."

ஐயர் உச்சுக்கொட்டினார். ஆன்ட்ரூஸ் தன் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களை வாசலில் பெமிலா, கையில் துடைத்த தட்டோடு, கதை கேட்டு நின்றுகொண்டிருந்தாள். பாவம் என்றாள்.

இவர்கள் போகட்டும், போனவுடன் பெமிலாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று ஜெபகுமாரிக்கு ஒரு மனம் சொன்னது. இன்னும் அரைமணி நேரம்தானே. காலையிலும் ஒரு நிமிடம்தானே என்றுதான் நினைத்தாள்.

உள் அறையில் அபிஷா விழித்துக்கொண்டு அழுதாள். பெமிலா ஓடினாள். கசக்காதே மக்கா, கசக்காதே என்று அவள் கெஞ்சுவது ஹாலுக்குக் கேட்டது.

ஜெபகுமாரி தட்டை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் ஒரு முந்திரிக்கொத்து உருண்டு நேசபாயின் காலடியில் விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. அவள் அறை வாசலில் போய் நின்றாள்.

"பெமிலா, அது குப்பையில்ல. புழுக்கூட்டையாக்கும் நான் எரிச்சேன். முடி ஒன் பக்கம் பறந்துது. நான் பாத்தேன்."

பெமிலா பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"பிள்ள அங்க இருந்தது ஒங்களுக்குத் தெரியாதுல்லா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்பதுபோல் இருந்தது அந்தக் கேள்வி.

"தெரியும். மண்ணு வச்சு இட்லி சுட்டுக்கிட்டு இருந்தா. பாத்துட்டுத்தான் தீ வச்சேன்."

ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. திரும்பிப் பார்க்காமலேயே, தன் மகள் தன்னை எப்படிப் பார்க்கிறாள் என்பது ஜெபகுமாரிக்குத் தெரிந்தது.

முதலில் எழுந்தவன் பிரைட்டன். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, நாகர்கோவிலில் கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம், சீக்கிரம் வாங்க என்றான். நேசபாய் ஒரு சுத்தமான துண்டைக் கேட்டு வாங்கி, அபிஷாவின் கைகளை மென்மையாகச் சுற்றிக் கட்டி, காருக்குள் ஏறிய பெமிலாவின் மடியில் வைத்தாள். ஆன்ட்ரூஸ் முன்னால் ஏறினார். ஜெபகுமாரி பின்னால் ஏறப்போனாள். பெமிலா நகர்ந்து இடம் விட்டாள். இடம் விட்டவள், தன் சேலைத் தலைப்பையும் இழுத்து ஒதுக்கிக்கொண்டாள்.

வழி முழுக்க அபிஷாதான் பேசினாள். பெரியம்மா, கண்ணில் முள்ளு இருக்கு என்றாள். அவள் அப்படித்தான், பேச்சு விட்டுப்போயிருந்த நாட்களிலும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா, பெரியம்மா என்று கூப்பிடுவாள்.

ஆஸ்பத்திரியில் என்ன விழுந்தது என்று கேட்டார்கள். இந்த முறை பதிலை ஜெபகுமாரியே சொன்னாள். என்ன புழு, எப்போது எரித்தது, கண்ணில் பட்டு எவ்வளவு நேரமாயிற்று, எல்லாம் சொன்னாள். எழுதிக்கொண்ட நர்ஸ் ஒரு கணம் பேனாவை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுதினாள்.

பிள்ளையை மயக்கத்தில் வைத்துத்தான் எடுக்க முடியும் என்று உள்ளே கொண்டுபோனார்கள். வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வந்தார். இமைக்குள்ளும் கருவிழி மேலேயும் குத்தியிருந்த முடிகளை எடுத்தாகிவிட்டது என்றார். ஒன்று மட்டும் ஆழமாகப் போயிருக்கிறது. அதை இன்று தொட்டால் கெடுதல். மருந்து விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும். பார்வைக்கு ஒன்றும் ஆகாதே என்று ஆன்ட்ரூஸ் கேட்டார். இப்போது எதுவும் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டரம்மா. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் நல்லது, நாளைக்கு வந்திருந்தால் ரொம்ப மோசம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரைட்டனை வீட்டுக்கு அனுப்பிவைத்தார் ஆன்ட்ரூஸ். அம்மாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும் அல்லவா. போகும்போது அவன் எல்லோரிடமும் வணக்கம் சொன்னான். கலியாணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கேட்கிற முகம் அங்கே யாருக்கும் இல்லை.

வராந்தாவில் பெஞ்சில் பெமிலா ஒரு கோடியிலும் ஜெபகுமாரி மறு கோடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். மன்னித்துக்கொள் என்ற வார்த்தையை ஜெபகுமாரி பலமுறை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தாள். அதைச் சொன்னால் பெமிலா பதிலுக்குப் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிவரும். அவள் மனசு அப்படிப்பட்டது. அவளிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொள்ள ஜெபகுமாரிக்கு மனம் வரவில்லை.

கடைசியில் பெமிலாதான் பேசினாள்.

"என்னை ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா, பிள்ளைய உள்ள தூக்கிட்டுப் போயிருப்பேன் அக்கா. எரிக்காண்டாம்னுகூடச் சொல்லியிருக்க மாட்டேன். இப்பந்தானே பேச ஆரம்பிச்சிருக்கோம்னு வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன்."

குரலில் கோபம் இல்லை. ஜெபகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாளாக எந்த வாயைத் திமிர் பிடித்த வாய் என்று நினைத்திருந்தாளோ, அந்த வாய் தன்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறது.

பெமிலாவின் போன் அடித்தது. குவைத்திலிருந்து ஷாஜன், வீடியோ காலில். வேலை விட்டு வந்திருப்பான். பெமிலா திரையைப் பார்த்தாள். எடுக்க விரல் போய், நின்றது. பிறகு எழுந்து வந்து, அடித்துக்கொண்டிருந்த போனை ஜெபகுமாரியின் மடியில் வைத்தாள்.

"என்னால அவருகிட்டச் சொல்ல ஒக்காது. நீங்களே சொல்லுங்க."

ஜெபகுமாரி எடுத்தாள். திரையில் ஷாஜன், தலையில் இன்னும் கம்பெனித் தொப்பியோடு, வாயெல்லாம் பல்லாகத் தெரிந்தான்.

"மைனி, நீங்களா? நல்லதாப் போச்சு. வந்தவங்களுக்கு வீடு புடிச்சுதா?" என்றான்.